ரம்லத் போட்ட அச்சு

ரம்லத்தோடு சாயா குடிக்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையோடு போக வேண்டும். கொச்சி மட்டாஞ்சேரி கடைத்தெருவில் எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் அவள் கண் முதலில் பலகாரத்துக்குப் போகாது. சுவரில் ஒட்டியிருக்கிற விலைப்பட்டியலின் எழுத்து வடிவத்துக்குத்தான் போகும். "பாருங்கக்கா, புட்டுக்கு ஒரு ஃபாண்ட், கடலைக் கறிக்கு ஒரு ஃபாண்ட். ஒரே தட்டுல வர்ற சாதனம்தானே, இத்தனை வேஷம் எதுக்கு?" என்பாள். கடைக்காரர் காதில் விழுகிற மாதிரியே சொல்வாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாயாவை ஊதுவேன்.

எனக்கும் ஒன்றும் சாதுவான வாய் கிடையாது. முறுக்குக்கார பாக்கியலக்ஷ்மி என்றால் எங்கள் சந்தில் பால்காரர்கூட மணியை மெதுவாகத்தான் அடிப்பார். அப்பேர்ப்பட்ட நானே ஒருத்தியைப் பார்த்து வாயடைத்து நின்றேன் என்றால், அவளைப் பற்றி நாலு பேரிடம் சொல்லத்தானே வேண்டும்? அதனால் சொல்கிறேன்.

ரம்லத் பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண். கல்யாணமாகி இங்கே வந்தவள். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். மார்க்கெட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. கல்யாணப் பத்திரிகை அடிப்பாள், விசிட்டிங் கார்டு போடுவாள். ஆனால் அவள் பெயர் சொல்கிற வேலை பிரசன்டேஷன்தான். கல்லூரிப் பிள்ளைகளும் கம்பெனிக்காரர்களும் திரையில் காட்டிப் பேசுவதற்கு ஸ்லைடு ஸ்லைடாகச் செய்து கொண்டுபோவார்களே, அது.

அந்தக் கடையில் அவளிடம் திட்டு வாங்காத பிள்ளை இல்லை. பக்கத்துக்கு ஒரு எழுத்து, வரிக்கு ஒரு அளவு என்று கோலம் போட்டுக்கொண்டு வருவார்கள். "மோனே, தலைப்புக்கு ஒண்ணு, உள்ளே ஒண்ணு. ரெண்டு ஃபாண்டுக்கு மேலே கேட்டா வேற கடை நோக்கிக்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். சிலர் கோபித்துக்கொண்டு நிஜமாகவே வேறு கடைக்குப் போய்விடுவார்கள். கடை முதலாளி தலையில் கை வைத்துக்கொள்வார். அதற்கெல்லாம் அவள் அசைகிற ஆள் இல்லை.

எனக்கும் ஸ்லைடுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் வெலிங்டன் தீவில் ஒரு கோடவுனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அடுக்கு சரிந்து முதுகில் விழுந்தது. அன்றைக்குப் படுத்தவர்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. சிறுநீருக்கு டியூப் வைத்திருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தால் ஆளே இன்றைக்கா நாளைக்கா என்று ஆகிவிடும். இரண்டு தடவை அப்படி ஆகி, ஆஸ்பத்திரி வாசலில் நான் தெய்வத்தையே திட்டியிருக்கிறேன்.

இப்படிப் படுக்கையில் கிடக்கிறவர்களை வீட்டுக்கே வந்து பார்க்க எங்கள் பகுதியில் ஒரு பாலியேட்டிவ் யூனிட் இருக்கிறது. நௌஷாத் என்பவர் அதற்குச் செக்ரட்டரி. ஸ்நேஹா என்கிற நர்ஸ் பிள்ளை ஒருத்தி. ரம்லத் அதில் வாலன்டியர். கடை விடுமுறை நாளில் ஸ்நேஹாவோடு பையைத் தூக்கிக்கொண்டு வருவாள். எங்கள் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

யூனிட்டுக்கு என்று வண்டி கிடையாது. ஸ்நேஹா ஆட்டோ பிடித்துத்தான் வீடு வீடாகப் போவாள். மழை பெய்து சந்தில் தண்ணீர் நின்றால் ஆட்டோக்காரர் உள்ளே வரமாட்டார். அந்த வாரம் எங்கள் வீடு விட்டுப்போகும். ஒரு வண்டி மட்டும் இருந்தால் வாரம் இரண்டு தடவை வரலாம், அவசரத்துக்குக் கூப்பிட்டாலும் வரலாம். கலூரில் ஒரு டிரஸ்ட் ஆண்டுக்கு ஒரு யூனிட்டுக்கு வண்டி கொடுக்கிறது. கேட்கிற யூனிட்டெல்லாம் அவர்கள் ஹாலுக்குப் போய்ப் பத்து நிமிஷம் ஸ்லைடு காட்டிப் பேச வேண்டும்.

போன ஆண்டு நௌஷாத் பாய் தானே ஸ்லைடு செய்து கொண்டுபோனார். நல்ல மனுஷன், ஆனால் அலங்காரப் பிரியர். தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த வளைந்த எழுத்து, நெளிந்த எழுத்து எல்லாவற்றையும் அதில் இறக்கிவிட்டார். டிரஸ்டின் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துகள் எதுவும் இல்லை. தலைப்பெல்லாம் வெறும் கட்டம் கட்டமாக நின்றது, மிச்சம் வரிகள் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. அவர் அதை நோண்டிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள். வண்டி வேறு ஊருக்குப் போய்விட்டது. நான் அவரை நடுத்தெருவில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். பாவம், வெகு நாள் எங்கள் சந்துப் பக்கமே வரவில்லை.

இந்தத் தடவை ரம்லத் முன்னே வந்தாள். "நான் செய்யறேன். ஆனா டெம்ப்ளேட் என்னோடது. நான் கொடுத்த இடத்துல, நாலு வரிக்குள்ள எழுதிக்கோங்க. ஃபாண்ட் மாத்துற பெட்டியில யாரும் கை வச்சுடக் கூடாது" என்றாள். சரி சரி என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் ஆளுக்கொரு ஸ்லைடு போனிலிருந்து அனுப்பினார்கள், ஆளுக்கொரு ஃபாண்டில். அவள் ஒவ்வொன்றிலும் இருந்த அலங்காரத்தை வழித்துப் போட்டுவிட்டு வெறும் வார்த்தையை மட்டும் எடுத்து டெம்ப்ளேட்டில் இறக்கினாள்.

"என் ஹெட்டிங்கைக் கொன்னுட்டியே ரம்லத்தே! எத்தனை பங்கியா, அழகா இருந்துச்சு!" என்று நௌஷாத் பாய் அலறினார்.

"பங்கியா இருந்துதான் போன வருஷம் வண்டி போச்சு இக்கா."



டெம்ப்ளேட் என்றால் என்ன இழவு என்று அன்றைக்குத்தான் கேட்டேன். அவள் மாஸ்டர், தீம் என்று என்னென்னவோ சொன்னாள். உள்ளே ஓர் இடத்தில் தலைப்புக்கு இந்த எழுத்து, உள்விஷயத்துக்கு இந்த எழுத்து என்று ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் எல்லா ஸ்லைடும் அதைப் பார்த்துத்தான் நடக்குமாம். அங்கே மாற்றினால் எல்லாமே மாறுமாம்.

"ஏ புள்ள, இதைச் சொல்லவா இத்தனை இங்கிலீஷு? முறுக்கு நாழியில அச்சு போடுற மாதிரிதானே? மாவு என்னவோ ஒண்ணுதான். அச்சை மாத்தினா அடுத்த ஈடு முழுக்க வேற மாதிரி விழும்" என்றேன்.

ரம்லத் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதுதான்க்கா! அதேதான்! அப்போ இவங்க ஒவ்வொருத்தரும் செய்யறது?"

"அது கை முறுக்கு. கையால சுத்தினதை அச்சை மாத்தி என்ன பண்றது? ஒண்ணொண்ணா எடுத்துத் திரும்பச் சுத்த வேண்டியதுதான்."

அன்றிலிருந்து கடைக்கு வருகிற பிள்ளைகளிடமும் "இது கை முறுக்குடா, போய் மாத்திட்டு வா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அதுகள் ஒன்றும் புரியாமல் முழிக்கும்.

நோயாளி ஒருவர் தன் வாயால், தன் மொழியில் இரண்டு வரி சொன்னால் நன்றாக இருக்கும் என்று ஸ்நேஹா சொன்னாள். ரம்லத் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தமிழை அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் பேசுகிற மாதிரி இங்கிலீஷில் தட்டினால் தமிழாக வந்து விழுகிறதாம். "சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள். நான் அடுப்படியில் எண்ணெய்ச் சட்டி முன்னால் இருந்தேன். அவர் சொல்வது எனக்கு நன்றாகவே கேட்டது.

"நர்ஸ் வர்ற அன்னைக்கு மட்டும்தான் என் பொண்டாட்டி தூங்குறா. மத்த நாள்ல எனக்குக் காய்ச்சல் அடிக்கான்னு நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா. வண்டி எனக்கு வேண்டாம். அவளுக்கு வேணும்."

கையில் இருந்த கரண்டியோடு வெளியே வந்துவிட்டேன். "உம்மைப் பத்திச் சொல்லச் சொன்னா என்னைச் சந்தியில இழுத்து விடுதீரா? நான் தூங்குறதும் தூங்காததும் ஊருக்கு எதுக்கு? ஏ ரம்லத்து, அழி அதை!"

"அண்ணாச்சி சொன்னது அது. அண்ணாச்சி சொன்னா அழிக்கறேன்."

"நான் சொல்ல மாட்டேன்" என்று அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்து நடக்க முடியாத மனுஷனுக்கு எத்தனை பிடிவாதம்! சட்டியில் கிடந்த ஈடு தீய்ந்து போனதுதான் மிச்சம்.

ஒத்திகை பார்க்க யூனிட் அறையில் எல்லோரும் கூடினோம். சுவரில் படம் விழுந்தது. மலையாள ஸ்லைடுகள் ஒவ்வொன்றாக, கச்சிதமாக வந்தன. தலைப்பு கம்பீரமாக, உள்ளே தெளிவாக, எல்லாம் ஒருவரே பேசுகிற மாதிரி இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. கடைசியில் என் வீட்டுக்காரர் ஸ்லைடு வந்தது. எழுத்து நோஞ்சானாக, பொடிப்பொடியாக, எங்கிருந்தோ கடன் வாங்கி வந்து ஒட்டின மாதிரி நின்றது.

விடுவேனா? "எல்லாருக்கும் கொழுகொழுன்னு எழுத்து, எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் பட்டினி எழுத்தா? தமிழன்னா அவ்வளவு இளக்காரமாப் போச்சா?" என்று கேட்டேன்.

"பரவால்ல பாக்கியக்கா, அந்த ஒண்ணை மட்டும் கையால மாத்தினா போதும்" என்று நௌஷாத் பாய் மவுஸை எடுக்கப் போனார். ரம்லத் அவர் கையைத் தட்டிவிட்டாள். உள்ளே போய், அந்த அச்சு இருக்கிற இடத்தைத் திறந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன புள்ள?"

"ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனித்தனி இடம் இருக்குக்கா. இங்கிலீஷுக்கு எழுதியிருக்கேன். மலையாளத்துக்கு எழுதியிருக்கேன். தமிழுக்கு வெறுமனே விட்டிருக்கேன். அங்கே ஒண்ணும் இல்லேன்னா கம்ப்யூட்டர் ஏதோ கையில கிடைச்சதை எடுத்துப் போடும்." அவள் கண் கலங்கிவிட்டது. "உம்மாகிட்ட பேசுறது தமிழு. மாப்பிள்ளைகிட்ட சண்டை போடுறது தமிழு. ஆனா எழுத்துன்னு வந்தா எனக்கு மலையாளம் மட்டும்தான் ஞாபகத்துல இருந்திருக்கு பாருங்க. தமிழ் வீட்டுல பிறந்தவ, தமிழை மறந்துட்டேன்."

கம்ப்யூட்டர் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கே இருந்த ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. அத்தனை பேர் முன்னால் என் தப்பு என்று சொன்னாள் பாருங்கள், அந்த இடத்தில்தான் அவள் மேல் எனக்கு மரியாதை வந்தது. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மலையாள எழுத்துக்குப் பக்கத்தில் ஒரே உயரமாக, ஒரே தடிமனாக நிற்கிற தமிழ் எழுத்து வேண்டுமாம். "எனக்கு வடிவம் தெரியும். ஆனா ஓடவிட்டுப் படிக்கிற கண்ணு உங்க ரெண்டு பேருக்குத்தான் இருக்கு" என்று சொல்லி, லேப்டாப்பைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்து ஒவ்வொரு ஃபாண்டாகக் காட்டினாள். என் வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம். வெகு காலத்துக்குப் பிறகு ஒருத்தர் அவரிடம் வந்து அபிப்பிராயம் கேட்கிறார்களே!

"இது கல்யாணப் பத்திரிகைல்லா" என்று ஒன்றைத் தள்ளினார். "இது தாலுகா ஆபீஸ் நோட்டீசு." அடுத்தது "இது சினிமா போஸ்டரு, என்னைக் கதாநாயகன் ஆக்கிராத." நான் அடுப்படி வாசலில் நின்று, அத்தனை தூரத்திலிருந்து படிக்க முடிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கை முழுக்க மாவோடு நின்று படித்தேன். ஒன்று வந்ததும் அவர் தலையை ஆட்டினார். "இது நான் பேசுற மாதிரியே இருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அதே குடும்பத்து எழுத்தில் கொஞ்சம் தடித்ததைத் தலைப்புக்கு எடுத்துக்கொண்டாள்.

"ஒத்தை ஸ்லைடு. நௌஷாத் பாய் சொன்ன மாதிரி கையாலயே மாத்திட்டுப் போயிருக்கலாம். இதுக்கு ஒரு நாள் லீவா?" என்றேன்.

"இன்னிக்கு ஒரு ஸ்லைடு. நாளைக்கு வேற ஒரு தமிழ்க்காரங்க வந்து எழுதுவாங்கல்லக்கா? அவங்க வர்றப்போ அவங்க இடம் காலியா இருக்கக் கூடாது."

நான் உள்ளே போய் அவளுக்கு ஒரு தட்டு முறுக்கு கொண்டுவந்து வைத்தேன்.

போக வேண்டிய நாளுக்கு முந்தின நாளே ரம்லத் கலூருக்குப் போய், டிரஸ்ட் ஆட்களிடம் கேட்டு, அவர்கள் கம்ப்யூட்டரில் நம் எழுத்துகளை ஏற்றிவிட்டு வந்தாள். மறுநாள் பக்கத்து வீட்டில் சொல்லி என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ளச் செய்துவிட்டு நானும் கிளம்பினேன். அந்த ஸ்லைடு வரும்போது எழுந்து வெளியே போய்விடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன்.

தேர்வு செய்கிறவர்களில் கனகாம்பாள் என்று ஒரு பெரியம்மா. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சுகளுக்கெல்லாம் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவராம். எங்கள் முறை வந்தது. ஸ்நேஹா பேச ஆரம்பித்தாள். இரண்டாவது ஸ்லைடிலேயே கனகாம்பாள் கையைத் தூக்கினார். "எழுத்து எனக்குத் தெரியலைம்மா. கண்ணு ஆபரேஷன் ஆகியிருக்கு. கொஞ்சம் பெரிசா ஆகுமா?"

போன ஆண்டு இப்படித்தான் நோண்ட ஆரம்பித்து நேரம் போனது. நௌஷாத் பாய் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார். ரம்லத் எழுந்து போனாள். ஓட்டமும் இல்லை, பதற்றமும் இல்லை. மாஸ்டரைத் திறந்தாள், ஓர் இடத்தில் அளவைக் கூட்டினாள், மூடினாள். அவ்வளவுதான். எல்லா ஸ்லைடிலும் எழுத்து பெரிதாகிவிட்டது. ஒரு வரிகூட ஓரத்தைத் தாண்டவில்லை. ஸ்லைடுக்கு நாலு வரிக்கு மேல் ஒருத்தரையும் எழுத விடாமல் அவள் போட்ட சண்டையெல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஸ்நேஹா விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.

கடைசி ஸ்லைடு வந்தது. எழுந்திருக்க நினைத்தவள், திரையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தமிழும் மற்றதைப் போலவே பெரிதாகி, திரை நிறைய நின்றது. கையால் மாற்றியிருந்தால் அது மட்டும் பழைய அளவிலேயே நின்றிருக்கும். கனகாம்பாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்தார். யாரும் கேட்காமலேயே, சத்தமாக, தமிழில் படிக்க ஆரம்பித்துவிட்டார். நர்ஸ் வர்ற அன்னைக்கு மட்டும்தான் என் பொண்டாட்டி தூங்குறா. கடைசி வரிவரைக்கும் படித்தார். அவளுக்கு வேணும் என்ற இடத்தில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"இந்த அம்மா வந்திருக்காங்களா?"

எழுந்து நின்றேன்.

"கடைசியா எப்போ நல்லாத் தூங்கினீங்க?"

ஊரில் ஒருத்தரையும் விட்டுவைக்காத இந்த வாய்க்கு ஒரு வார்த்தை வரவில்லை. அழுகைதான் வந்தது. அத்தனை பேர் முன்னால் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். ஸ்நேஹாதான் பதில் சொன்னாள். "நான் போன அன்னைக்கு, மேடம். மழையில இந்த வாரம் போக முடியலை."

மழைக்காலம் முடிவதற்கு முன்னாலேயே டிரஸ்ட் கொடுத்த வண்டி வந்துவிட்டது. வெள்ளை வண்டி. பக்கவாட்டில் யூனிட் பெயரை மூன்று மொழியிலும் எழுத வந்த பெயிண்டரை ரம்லத் என்ன பாடு படுத்தியிருப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை ஸ்நேஹா வருகிறாள். டியூப் அடைத்தால் ஒரு போன் போதும். காய்ச்சல் அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு யூனிட்டில் வகுப்பு நடக்கிறது. அதே டெம்ப்ளேட்தான். அமுதவள்ளி என்று ஒரு பெண், மாமனாரைக் கவனித்துக்கொள்கிறவள், போன வகுப்புக்குத் தன் அனுபவத்தைத் தமிழில் எழுதிக் கொண்டுவந்தாள். இறக்கினதும் எழுத்து தானாகவே நிமிர்ந்து நின்றது. ரம்லத் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன், ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

போன வாரம் அவள் வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் அவளைக் கூப்பிட்டார். "எம்மா, என் ஸ்லைடை இன்னும் வகுப்புல காட்டுதியளாமே. அது இப்ப பொய்யாயிட்டுல்லா? மாத்தணும்."

"சொல்லுங்க அண்ணாச்சி." லேப்டாப் திறந்துகொண்டது. நான் அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"வண்டி வந்துட்டு. இப்ப என் பொண்டாட்டி தினமும் தூங்குறா. அவ விடுற குறட்டையில எனக்குத்தான் தூக்கம் போச்சு."

"அடப் பாவி மனுஷா!" என்று வெளியே பாய்ந்தேன். "ஏ ரம்லத்து, இதையாவது அழிக்கப் போறியா இல்லையா?"

"எழுத்துதான்க்கா என்னோடது" என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "வார்த்தை அண்ணாச்சியோடது."

உள்ளே போய் நாழியில் மாவை அடைத்தேன். அவர் அந்த வரியைத் தானே சத்தமாகப் படித்துப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இருமல் வந்து தொலைக்கப் போகிறது, மெதுவாகச் சிரியும் என்று இங்கிருந்தே ஒரு சத்தம் போட்டேன்.